அகலமான படிகள்

கண்ணைத் திறக்காதீங்க என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து கண்ணைத் திறக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சொட்டு விட்ட இடம் எரிகிறது. எரிச்சல் மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசக்கிறது. கண்ணுக்கு விட்ட மருந்து நாக்கில் எப்படி வந்ததோ, உடம்புக்குள் எல்லாக் கதவும் ஒன்றுக்கொன்று திறந்துதான் கிடக்கிறது போலிருக்கிறது. கண்மணி விரிய அரை மணி நேரமாவது ஆகும், நடுவில் இன்னொரு தடவை விடுவார்கள், அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லி. அங்கே போய்த்தான் மனது இடறுகிறது. கார்டில் முழுப் பெயர் இருக்கிறது, முத்து இபுராகிம். இந்த வராந்தாவில் பாதிப் பேருக்குக் காது மந்தம், அந்தப் பெண் கத்தாமல் கூப்பிட முடியாது. அவள் கத்தும்போது என் வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிட்டுசாமி, சற்று முன் தன் வீட்டை எனக்கு வாடகைக்குத் தருகிறேன் என்று சொன்ன கிட்டுசாமி, அதைக் கேட்பார். விஷயம் இவ்வளவுதான். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். தன் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று ஒரு மனிதன் ஆஸ்பத்திரி நாற்காலியில் வேர்த்து உட்கார்ந்திருக்கிறான், கோயம்புத்தூரில், முப்பது வருஷமாய் வரி கட்டுகிற ஊரில்.

மூன்று இரும்பு நாற்காலிகள் ஒரே கம்பியில் கோத்தவை. யார் அசைந்தாலும் மூன்று பேரும் அசைய வேண்டும். நான் வந்தபோதே கிட்டுசாமி சொட்டு விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்திருக்கிறேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. வெள்ளை வேட்டி, நன்றாக வெட்டிய மீசை, மடியில் ஒரு துணிப்பை, நெற்றியில் மூன்று விரல் திருநீறு. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிடையர் ஆனவராம். எனக்குச் சொட்டு விட்டதும் நான் தடுமாறி நாற்காலியைத் தேடினபோது கையைப் பிடித்து உட்கார வைத்தது அவர்தான். தானும் கண்ணை மூடிக்கொண்டு எனக்கு வழி காட்டினார். கை சூடாக, காய்ப்புக் காய்த்து, என் வாப்பாவின் கை மாதிரி இருந்தது. பெயர் கேட்டார். முத்து என்றேன். முத்துசாமியா, முத்துக்குமாரா என்றார். முத்துன்னுதானுங்க கூப்பிடுவாங்க என்றேன். பொய் இல்லை. எங்கள் குடும்பத்தில் முத்து என்று பெயர் வைப்பது கடலில் முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம், பாட்டனார் முத்து வாப்பா, பெரியப்பா முத்து மீரா, நான் முத்து இபுராகிம். பொய் இல்லை, பாதி உண்மை, மீதிப் பாதியை அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் எப்படிப் பொறுப்பு. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே வெட்கமாக இருக்கிறது, மூடிய கண்ணுக்குள் முகம் சுடுகிறது. என் பேச்சும் என்னைக் காட்டிக்கொடுக்காது. வீட்டுக்குள் கடற்கரைப் பேச்சு, வாசலைத் தாண்டினால் கொங்குப் பேச்சு, செருப்பு மாட்டும்போதே நாக்கும் மாற்றிக்கொள்ளும்.

வீடு. மாசக் கடைசியில் காலி செய்ய வேண்டும். ஹவுஸ் ஓனர் அம்மா நல்லவர்தான், எட்டு வருஷமாகப் பெருநாளுக்குப் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டவர், போன வருஷம் திடீரென்று மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான் என்றார். மகனுக்கு நாங்கள் இருக்கும் இரண்டாவது மாடி எதற்கு, கீழே மூன்று அறை காலியாகக் கிடக்கிறதே என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் தலையைக் குனிந்துகொள்வார், அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இந்த ஊர்க்காரர்கள் மரியாதைக்குப் பேர்போனவர்கள், முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல மாட்டார்கள், வாங்க உக்காருங்க என்று காபி கொடுத்துத்தான் இல்லை என்பார்கள். ஒருவர் வீட்டில் போர் வற்றிவிட்டது. ஒருவர் வீட்டை இடிக்கப் போகிறார், ஆறு மாதம் கழித்துப் போனால் அங்கே புதுச் சுண்ணாம்பு, வேறு குடும்பம். ஒருவருக்குத் தங்கை திரும்பி வருகிறாள். என் பெயரைக் கேட்டதும் இந்த ஊரில் எத்தனை தங்கைகள் திரும்பி வந்திருக்கிறார்கள், எத்தனை போர்கள் வற்றியிருக்கின்றன. புரோக்கர் மட்டும் உண்மை பேசுவான். பாய் வீடுன்னா கொஞ்சம் கஷ்டமுங்க, நீங்க உங்காளுக ஏரியாவுல பாத்துக்கலாமுல்ல என்பான். எங்காளுக ஏரியாவிலிருந்து என் மனைவி பஜிலா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ், என் பம்ப் கம்பெனிக்கு இரண்டு பஸ், மகளுக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அதைவிட, எனக்கு ஏன் ஒரு ஏரியா இருக்க வேண்டும். பம்பு டிசைன் போடுகிறவனுக்குத் தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதில் என்ன ஏரியா.

கிட்டுசாமியின் வீடோ பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு. கேட்காமலே சொன்னார். வீடு தேடுகிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன், பிள்ளையார் வரம் கொடுத்த மாதிரி அவர் ஆரம்பித்தார். மாடி போர்ஷன், கிழக்குப் பார்த்த வாசல், தண்ணிக்குக் கஷ்டமில்லை, பின்பக்கம் ஒரு வேப்பமரம் காற்றுக்கு. வாடகை எல்லாம் பெருசில்லீங்க, ஆளு முக்கியம் என்றார். எத்தனை பேர் என்றார், நாலு பேர், எங்கம்மாவையும் சேத்து என்றேன். அப்போதுதான் அவர் படியைப் பற்றிச் சொன்னார். "அம்மாவுக்கு ஒண்ணும் பயமில்லீங்க. படி நல்லா அகலமான படிங்க, நானே நின்னு கட்டுனது. எங்கம்மா தொண்ணூறு வயசுலயும் அதுல ஏறி வடகம் காயப்போட்டுட்டு இறங்குவாங்க." அகலமான படி. கேட்டதும் என் கால் அதில் ஏறத் தொடங்கிவிட்டது. உம்மா ஏறுவாள், துணியைக் காயப்போடுவாள், வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு தஸ்பீஹ் மணியை உருட்டுவாள். அங்கேயே நின்றுவிட்டது நினைப்பு. தஸ்பீஹை எங்கே ஒளித்து வைப்பது. உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியை எந்தக் கொடியில் காயப்போடுவது.

வீட்டைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் அவர் மற்றதையும் சொன்னார். அதுதான் என்னை அதிகம் உலுக்குகிறது, குரல் மாறவே இல்லை. போன மாதம் ஒரு பாய் வந்து வீடு கேட்டாராம். நல்ல மனுஷன்தான், மரியாதையாகப் பேசினார், ஆனால் மனசு ஒப்பவில்லையாம். "தம்பி வர்றான்னு பொய்யச் சொல்லி அனுப்பிச்சுட்டேனுங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது, பாவம்." அப்புறம் அக்கா மகன் அனுப்புகிற வீடியோக்கள். இவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதாம், விட்டுவைத்தால் நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் கோயிலுக்குப் போக முடியாதாம், நம்மாளுக ஒத்துமையா இருக்கோணுமாம். நம்மாளுக என்னும்போது என் முன்கையை லேசாகத் தட்டினார். அந்த நம்மில் நான் இருந்தேன். சொல்லக் கூசுகிறது, ஒரு நொடி அந்தத் தட்டல் இதமாக இருந்தது. இத்தனை மாதத்தில் ஒரு வீட்டுக்காரர் என்னைத் தொட்டுப் பேசியது இவர்தான். நான் ம் என்றேனா, ஒன்றும் சொல்லவில்லையா, நினைவில்லை. ம் என்றிருக்க மாட்டேன். இருமினேன் என்று நினைக்கிறேன்.

ம் சொன்னது இடது பக்கத்து ஆள். எனக்குச் சொட்டு விட்ட பிறகு வந்தவர், அதனால் முகம் தெரியாது. எனக்கு அவர் ஒரு தைல வாசனை, ஒரு சளி இருமல், ஒரு வாஸ்தவந்தானுங்க. கிட்டுசாமி எதைச் சொன்னாலும் அந்தப் பக்கமிருந்து வாஸ்தவந்தானுங்க வந்தது. அவர் கேட்காதபோதும் வந்தது. அவங்கள நம்பவே முடியாதுங்க என்று ஒரு தடவை தானாகவே எடுத்துக் கொடுத்தார். கிட்டுசாமியைக் கண்டு எனக்குப் பயமில்லை, அவர் கேள்விப்பட்டதைச் சொல்கிற மனுஷன், அவரிடம் என்றைக்காவது பேசலாம். இந்த முகமில்லாத ஆளைக் கண்டுதான் பயம். நான் யார் என்று தெரிந்தால் முதலில் எழுந்து சத்தம் போடப் போவது இவராகத்தான் இருக்கும். இரண்டு பேருக்கும் நடுவில், ஒரே கம்பியில், நான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள். இங்கே மூன்று பூனைகள்.

அப்புறம் திருநீறு. காலையில் மருதமலைக்குப் போய்விட்டு வந்தாராம், துணிப்பையில் காகிதப் பொட்டலம் சரசரத்தது, கை நீட்டுங்க என்றார். நீட்டினேன். வேறென்ன செய்வது. கண்ணுக்கு மேல பூசிக்குங்க, எல்லாம் செரியாயிரும் என்று என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்தார். என்னைத் தாண்டிக் கையை நீட்டி இடது பக்கத்து ஆளுக்கும் கொடுத்தார். அந்த ஆள் முருகா என்று சொல்லிப் பூசிக்கொண்ட சத்தம் கேட்டது, காய்ந்த தோலில் விரல் உரசுகிற சத்தம். நான் கையை மூடிக்கொண்டேன். பூச முடியாது. கீழே கொட்டவும் முடியாது. ஒருவர் தன் சாமியிடமிருந்து எனக்காகக் கொண்டுவந்தது போல அன்பாகக் கொடுத்ததை ஆஸ்பத்திரித் தரையில் கொட்டுவதா, உம்மாவுக்குத் தெரிந்தால் அதற்குத்தான் முதலில் திட்டுவாள். கையை மூடியபடியே வைத்திருக்கிறேன், எவ்வளவு நேரமோ. வேர்வையில் அது ஈரமாகிக்கொண்டிருக்கிறது. சாம்பலுக்கு ஒன்றும் தெரியாது, நான் யார் என்று அதற்குக் கவலையில்லை. எனக்குத்தான்.

சட்டைப் பையில் போன். இதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரமாக மற்றதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மத்தியானத் தொழுகை முடிந்ததும் உம்மா கூப்பிடுவாள், நாள் தவறாமல் கூப்பிட்டு, அப்பாவை அழைப்பது போல என்னையும் வாப்பா என்றே அழைத்துப் பேசுவாள். என் போனைக் காதில் வைத்தால் கேட்காது, உள்ளே ஏதோ போய்விட்டது, எடுத்ததும் ஸ்பீக்கரில் கேட்கிற மாதிரி வைத்திருக்கிறேன். சரி பண்ண வேண்டும், சரி பண்ண வேண்டும் என்று தள்ளிப்போட்டது என் புத்தி. உம்மா எடுத்தவுடன் ஸலாம் சொல்வாள். பதில் ஸலாம் வராமல் அடுத்த வார்த்தை பேச மாட்டாள். நெஞ்சு வலித்தாலும் சரி, வீடு தீப்பிடித்தாலும் சரி, முதலில் ஸலாம், அதற்குப் பதில், அப்புறம்தான் மனுஷப் பேச்சு. ஸலாம் சொல்வது சுன்னத்து, நபி காட்டிய வழி, திருப்பிச் சொல்வது கடமை, திருப்பாதவன் கடன்காரன் என்று சின்ன வயசில் காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தூக்கத்தில் ஸலாம் சொன்னாலும் எங்கள் வீட்டில் தூங்குகிறவர்கள் பதில் சொல்வார்கள். போனை அணைத்துவிடலாம். அணைக்க முடியாது. இந்த ஊரில் கலவரம் நடந்த வருஷத்தில் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று போன வாப்பா அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. கடைசியில் உயிரோடு வந்தார், யாரோ ஒரு செட்டியார் குடோனில் ஒளித்துவைத்திருந்தார். ஆனால் அந்த இரண்டு நாளை உம்மா இன்னும் முடிக்கவில்லை. போன வருஷம் ஒரு தடவை என் போன் சார்ஜ் இறங்கிப்போனதற்கு பஸ் ஸ்டாப்பில் வந்து பொழுது சாயும் வரை நின்றாள், ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு.

சொல்லிவிடலாம். கண் திறந்ததும் சொல்லிவிடலாம். ஐயா, என் முழுப் பெயர் இது, எங்கம்மா பெயர் இது, நாங்கள் இப்படி, இன்னும் வீடு தருவீர்களா. ஆளு முக்கியம் என்று அவர்தானே சொன்னார். அல்லது இப்போது வேண்டாம், வீட்டைப் பார்க்கப் போகும்போது, பஜிலாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய், முகத்தைப் பார்த்த பிறகு. அல்லது குடிபோன பிறகு, உம்மா கையால் அவர் ஒரு துண்டு வட்டலப்பம் சாப்பிட்ட பிறகு. மனது எப்படியெல்லாம் தவணை கேட்கிறது பாருங்கள். குடிபோகிற அன்றைக்கு ஆதார் கேட்பார்கள், அதில் முத்து பாதியோடு நிற்காது. எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த அகலமான படியில் நான் ஏறிக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று, இன்னும் ஒரு படி, இன்னும் ஒரே ஒரு படி என்று. பக்கத்தில் கிட்டுசாமி வேப்பமரத்துக்கு வருகிற கிளிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மரத்தை வெட்ட மகன் சொன்னானாம், இவர் விடவில்லையாம். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்.

போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன், வலது கையில் திருநீறு. இமையை ஒரு கீற்றுத் திறந்தேன், வெளிச்சம் ஊசியாய்க் குத்தியது, திரையில் ஒரு மங்கல் பச்சை, ஒரு மங்கல் சிவப்பு. எது எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்குள் பழகின கட்டை விரல் பழகின பக்கம் இழுத்துவிட்டது. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள் உம்மா. வராந்தா முழுக்கக் கேட்டது. கிட்டுசாமியின் கிளிக் கதை பாதியில் நின்றது.  ஹலோ என்று சொல்லலாம், ராங் நம்பர் என்று சொல்லலாம், இரண்டும் நாக்கு நுனியில் இருந்தன, மருந்துக் கசப்போடு. அப்போது, நான் வாயே திறக்காதபோது, பதில் வந்தது. "வ அலைக்குமுஸ்ஸலாம்." மெதுவாக, முழுசாக, தூக்கத்தில் சொல்வதுபோல. என் இடது பக்கத்திலிருந்து. தைல வாசனைப் பக்கத்திலிருந்து.

சொன்னவருக்கே அது சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்திருக்க வேண்டும். மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது, அப்புறம் மூச்சே கேட்கவில்லை. இருமல்கூட இல்லை. நாற்காலிக் கம்பி நடுங்கியது, என் முதுகுக்கும் அந்த நடுக்கம் வந்தது. நெற்றியில் திருநீற்றோடு அந்த மனிதர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், எழுந்து ஓடக் கண் தெரியாது. இத்தனை நேரமும் வாஸ்தவந்தானுங்க, வாஸ்தவந்தானுங்க என்று அவர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்திருக்கிறார். யாரைக் கண்டு? என்னைக் கண்டும்தான். கிட்டுசாமி நம்மாளுக என்றபோது ஒன்றும் சொல்லாமல் இருந்த இந்த முத்துவைக் கண்டு. ஐயோ, எனக்கு அழுகை வந்தது. "யாருங்க அது?" என்றார் கிட்டுசாமி. அதட்டவில்லை, கேட்டார். போனில் உம்மாவும் அதையே கேட்டாள். "யாரு வாப்பா அது? உன் குரல் மாதிரி இல்லியே?"

"நான்தான் உம்மா" என்றேன். இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "வ அலைக்குமுஸ்ஸலாம். நான்தான் சொன்னேன். தொண்டை கட்டியிருக்கு."

இடது பக்கம் மூச்சு திரும்பி வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக. வலது பக்கம், என் முன்கைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சூடான கை இப்போது அங்கே இல்லை, எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. உம்மாவுக்கு ஸலாம் கிடைத்துவிட்டது, இனி அவள் பேச்சு. "ஓனரம்மா இப்பத்தான் வந்து வாசல்ல நிண்டுட்டுப் போகுது வாப்பா. மாசக் கடைசியாம். சொல்லவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது, அதுக்கே சங்கடமா இருக்கு. வீடு எதுவும் அமைஞ்சுச்சா?" போனை மூடிக்கொள்ளத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லத் தோன்றவில்லை, நிஜத்தையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. இங்கே ஒருத்தர்கிட்டக் கேட்டுக்கிட்டிருக்கேன் உம்மா, பஜிலா பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு என்றேன். சொல்லிவிட்டு, கண்ணை மூடியபடியே வலது பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தேன். ஆளு முக்கியம் என்று சொன்ன பக்கம்.

கிட்டுசாமி தொண்டையைச் செருமினார். துணிப்பை சரசரத்தது. "ஏனுங்க முத்து" என்றார். குரலில் மரியாதை ஒரு துளி குறையவில்லை. "அது மாடி ஊடுங்களே. அம்மாவுக்கு வயசாயிருக்கும். படி ஏறச் செரமப்படுவாங்களே."

போனில் அது உம்மாவுக்கும் கேட்டுவிட்டது. "யாரு வாப்பா, வீட்டுக்காரவங்க பக்கத்துலதான் இருக்காங்களா?" என்றாள், குரலில் அப்படி ஒரு வெளிச்சம். "அவங்ககிட்டச் சொல்லு, நான் ஏறுவேன். இங்க ரெண்டு மாடி ஏறி எறங்கலியா? எனக்கு முட்டுவலி ஒண்ணும் இல்ல. மெதுவா ஏறிருவேன்னு சொல்லு."

நாற்காலி மூன்றும் அசைந்தன. யார் அசைந்தது என்று தெரியவில்லை.

"சொன்னியா வாப்பா?" என்றாள் உம்மா.